வெள்ளவத்தையிலிருந்து அக்காவுக்கு, பிள்ளைங்க லீவுக்கு ஒரு கூடு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க எல்லாரும் இங்க நல்லா இருக்கோம். அங்க அப்பா அம்மா அத்தான் பிள்ளைங்க எல்லாரும் சொகமா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நீ அன்னிக்கு போன்ல ஒரே புலம்பலா புலம்புனியே, லீவு விட்டாலும் விட்டாங்க ரெண்டும் செல்லை விட்டு நகர மாட்டேங்குதுன்னு, அதுக்காகத்தான் அதுங்க பேப்பர்ல விளக்குக் கூடு கட்டுற விதத்தை உக்காந்து டைப் பண்றேன். வாய்ஸ் மெசேஜா போட்டிருக்கலாம், ஆனா செய்முறையெல்லாம் வாயால சொன்னா நீ பாதி கேட்டுட்டு சரி சரின்னு வச்சுருவ, எழுத்துல இருந்தா பாத்துப் பாத்துச் செய்யலாம்ல.

மொதல்ல ஊர்க்கதை. இங்க கொழும்புல வெசாக் முடிஞ்சு இப்பத்தான் காலி ரோடுங்கிற மெயின் ரோடு பழையபடி ஆயிட்டிருக்கு. இங்க பௌர்ணமின்னாலே லீவு, மாசாமாசம் போயான்னு கவர்மெண்ட் லீவு விடுவாங்க, அன்னிக்கு கறிக்கடையும் கிடையாது ஒயின் ஷாப்பும் கிடையாது. மே மாசத்துப் பௌர்ணமி வெசாக், புத்தருக்கான பண்டிகை, அதுக்கு ரெண்டு நாள் லீவு. நான் ஏதோ கோயில் திருவிழான்னு நெனச்சேன்க்கா, வந்து பாத்தா ஊரே பேப்பர் திருவிழா. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, பஸ் ஸ்டாண்டு, பேங்க் வாசல்னு எங்க பாத்தாலும் பேப்பர்ல செஞ்ச விளக்குக் கூடு தொங்குது, சின்னதா கைக்கு அடங்குறது, ஆள் உயரத்துக்கு நிக்கிறது, ஒரு பெரிய கூட்டைச் சுத்தி அதே மாதிரி குட்டிக் கூடு நாலு எட்டுன்னு தொங்கும், அதுங்களை அதோட குட்டிங்கன்னுதான் சொல்றாங்க. ரோட்ல தன்சல்னு ஓசிச் சாப்பாடு, சோறு, அவிச்ச கடலை, ஐஸ்கிரீம் கூட உண்டு, யாரு என்ன மதம்னு ஒருத்தரும் கேக்குறதில்ல, வரிசைல நின்னா போதும். பெய்ரா லேக் பக்கம் கங்காராமயக் கோயிலுக்கு அவுக கூட்டிட்டுப் போனாங்க, கூட்டத்துல பாப்பாவைத் தோள்ல தூக்கிட்டே நடந்தோம். நடுவுல மழை வேற, இங்க மே மாசமே தென்மேற்குப் பருவமழை வந்துரும்ல, உடனே எல்லாரும் கூட்டுக்கு மேல பாலித்தீன் கவரை மாட்டி விடுறாங்க, பாக்கப் பாவமாவும் இருக்கு சிரிப்பாவும் இருக்கு.

வீதிக்கு வீதி அஞ்சு கலர்ல கொடி கட்டியிருக்காங்க, நீலம் மஞ்சள் சிவப்பு வெள்ளை ஆரஞ்சு, ஓரத்துல அஞ்சும் சேந்து ஒரு பட்டை. உலகம் பூரா பௌத்தக் கோயில்ல இருக்கிற கொடி அது, ஆனா பொறந்தது இந்த ஊர்லதானாம். 1885ல கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரைல ஏத்துனதுதான் மொதக் கொடியாம், வெசாக்குக்கு லீவும் அந்த வருஷந்தான் கெடச்சிருக்கு. கொட்டாஞ்சேனைல நம்ம தமிழ் ஆளுங்களும் நெறைய இருக்காங்க, ஒரு நா போய்ப் பாக்கணும்.

இப்ப கூட்டுக் கதைக்கு வர்றேன். எங்க பிளாட்ல கீழ்வீட்டுல ஒரு சிங்களத் தாத்தா இருக்காரு, பிள்ளைங்க எல்லாம் சீயான்னு கூப்புடும், பாப்பாவும் சீயாதான். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு சிங்களம் இன்னும் பஸ்ல இறங்குற அளவுக்குத்தான், ரெண்டு பேருக்கும் நடுவுல பாப்பா. வெசாக்குக்கு முன்னாடி கார் நிறுத்துற எடத்துல பாய் விரிச்சு மூங்கில் சிம்பு சீவிட்டிருந்தாரு. பாப்பா போய் உக்காந்துட்டா, நான் கூப்புடப் போய் நானும் உக்காந்துட்டேன். எட்டுப்பட்டைக் கூடு, அட்டபட்டமன்னு சொல்றாங்க, ரொம்பப் பழைய மாடல் அது. பாத்தா பெரிய கணக்கு வாத்தியார் வேலையாட்டம் தெரியும், ஆனா உள்ள இருக்கிறது வெறும் ஆறு சதுரம். அவ்ளோதான்க்கா.

சிவகாசில மூங்கிலுக்கு எங்க போவ, அதனால நான் வேற வழி சொல்றேன். அப்பத்தா வெடிக்குக் குழாய் சுருட்டுமே ஞாபகம் இருக்கா, அதே வேலைதான். நியூஸ் பேப்பரை முழுத்தாளா எடுக்காத, பாதியாக் கிழிச்சுக்க, ஒரு மூலைல சைக்கிள் போக்ஸ் கம்பியோ ஸ்வெட்டர் பின்ற ஊசியோ வச்சு கோணலா இறுக்கிச் சுருட்டிட்டே போ, கடைசி மூலைல பசை தொட்டு ஒட்டிட்டு கம்பியை உருவிரு. நல்லா இறுக்கமா இருக்கணும், தொளதொளன்னு இருந்தா கூடு கூன் விழுந்துரும். காஞ்சதும் எல்லாத்தையும் ஒரே அளவுக்கு வெட்டு, ஒரு சாண் போதும், மொத்தம் 24 குச்சி வேணும். நாலு குச்சிக்குள்ள நூலைக் கோத்து முடிச்சுப் போட்டா ஒரு சதுரம், இப்படி ஆறு சதுரம்.

அப்புறம் ஒரு சதுரத்தைத் தரைல படுக்க வை. மிச்சத்துல நாலு சதுரத்தை மூலை கீழ வர்ற மாதிரி, சீட்டுக்கட்டு டைமன்ட் நிக்குமே அப்படி நிறுத்தி, படுத்திருக்கிற சதுரத்தோட ஒவ்வொரு மூலையிலயும் ஒண்ணொண்ணோட கீழ்மூலையக் கட்டு. அடுத்து நிக்கிற சதுரங்களோட பக்க மூலைங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டு. இப்ப மேல நாலு மூலை நீட்டிட்டு நிக்கும், அதுல கடைசிச் சதுரத்தை வச்சுக் கட்டிட்டா முடிஞ்சது, எண்ணிப் பாரு, சதுரத்துக்கு நடுவுல தானாவே எட்டு முக்கோணம் வந்திருக்கும், அந்த எட்டுதான் எட்டுப்பட்டை. கட்டி முடிச்சாலும் கொஞ்சம் அப்படி இப்படி ஆடும், அதுக்காகப் பயந்து இன்னும் இன்னும் நூலைச் சுத்தாத, பேப்பர் ஒட்டிக் காஞ்சாத்தான் விறைப்பா நிக்கும். சின்னவனால சதுரம் கட்ட முடியும், சேத்துக் கட்டுறப்ப மட்டும் நீயோ பெரியவளோ பிடிச்சுக்கங்க.

பேப்பர் ஒட்டுறதுக்கு இங்க டிசு பேப்பர், பட்டம் விடுற மெல்லிசுத் தாள் இருக்குல்ல அதான். சதுரத்துக்கு ஒரு கலர், முக்கோணத்துக்கு ஒரு கலர்னு வச்சா எடுப்பா இருக்கும், சீயா வெள்ளையும் சிவப்பும்தான் போடுவாரு, நாலஞ்சு கலர் கலந்தா அவருக்குப் பிடிக்காது, எனக்கும் அதான் சரின்னு படுது. குச்சிக்கு வெளிய அரை இஞ்ச் விட்டு வெட்டி, ஓரத்தை மடிச்சு ஒட்டு. மேல் சதுரத்தை மட்டும் ஒட்டாம விட்ரு, பல்பு இறக்கணும்ல. கீழ்ச்சதுரத்துல இருந்து நீளமா வால் விடணும், தாளை மெல்லிசா கீறிவிட்டா காத்துக்கு ஆடும், பக்க மூலை நாலுலயும் சின்னச் சின்ன குஞ்சம். ஒட்டின தாள் சுருக்கமா இருந்தா கவலைப்படாத, முழுசாக் காஞ்சப்புறம் கையால லேசா தண்ணி தெளிச்சு விடு, திரும்பக் காயறப்ப மத்தளத்தோல் கணக்கா இழுத்துக்கும். முன்னாடியெல்லாம் உள்ள மெழுகுவத்திதான் வைப்பாங்களாம், எத்தனை கூடு எரிஞ்சிருக்கும்னு நெனச்சுப் பாரு, நீ எல்ஈடி பல்புதான் போடணும், நம்மூர்ல நெருப்பு விஷயத்துல உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

பசை கடைல வாங்காத. மைதா ரெண்டு ஸ்பூன் பச்சத்தண்ணில கரைச்சு, கட்டியில்லாம அடுப்புல கிண்டுனா கண்ணாடி மாதிரி ஆகும், ஆற வச்சுத் தொட்டுக்க. அப்பா பைண்டிங் பசைல பூச்சி வராம மயில்துத்தம் போடுவாரே, அது வெஷம், பிள்ளைங்க கை வைக்கிற பசைக்கு வேணவே வேணாம், வாய்ல வைக்காத பிள்ளை யாரு இருக்கு. அன்னன்னிக்குக் கொஞ்சமாக் காய்ச்சிக்க, அவ்ளோதான்.

பிரஸ்காரர் மக சொல்றேன் கேட்டுக்க, வால் வெட்டுறதுக்கு முன்னாடி தாளோட நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு. நீளவாக்குல ஒரு தடவை, அகலவாக்குல ஒரு தடவை கிழிச்சுப் பாத்தா தெரியும், நேராக் கிழியற பக்கந்தான் நார். அதே பக்கமா வெட்டுனா வால் அறுந்து போகாது, மடிக்கிற வேலைக்கும் நார் ஓடுற பக்கமா மடிச்சாத்தான் மடிப்பு சுத்தமா விழும். அத்தான் கட்டிங் மெஷின்ல நிக்கிறப்ப இதைத்தான பாப்பாரு. இங்க சீயாட்ட இதைக் காட்டுனேன், மூணு தடவை கிழிச்சுப் பாத்துட்டு ஏதோ சிங்களத்துல சொன்னாரு, பாப்பாட்ட என்னடின்னு கேட்டா, இத்தனை வருஷமா எனக்கு யாரும் சொல்லலையேங்கிறாராம்.

சின்னவனுக்கு ஒண்ணு தனியா. அவன் வெடி வேணும் வெடி வேணும்னு உசுர வாங்குவான்ல, நியூஸ் பேப்பர் அரைத்தாளை நீளவாக்குல பாதியா மடிச்சுப் பிரி, நடுவுல கோடு விழும், நாலு மூலையையும் அந்தக் கோட்டுக்கு மடிச்சுக் கொண்டு வா, திரும்ப அந்தக் கோட்டுலயே மடி, இப்ப ரெண்டு பக்கமும் கூரா ஒரு படகு வடிவம் வரும். அதைக் குறுக்க பாதியா மடிச்சு, ரெண்டு பக்கத்து உள்மடலையும் பிரிச்சு முக்கோணமா அமுக்கி, பின்பக்கமா மடி. கூர்முனை ரெண்டையும் சேத்துப் பிடிச்சு ஓங்கி கீழ வீசுனா டப்புன்னு வெடிக்கும். காசும் இல்ல மருந்தும் இல்ல. இங்க பிளாட்ல எங்க பாப்பா இதை எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டா, ரெண்டாவது மாடில ஒரு ஆன்ட்டி சண்டைக்கே வந்துட்டாங்க.

மேல்வீட்டுல யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருத்தங்க இருக்காங்க, ரிட்டயர்டு டீச்சர், நல்ல மாதிரி. என்னைப் பிள்ளைன்னுதான் கூப்புடுவாங்க. நாங்க ஒட்டுறதைப் பாத்துட்டு, "என்ன பிள்ளை, கூடு மட்டுமோ, பட்டம் கட்டத் தெரியாதோ"ன்னு கேட்டு உக்காந்துட்டாங்க, அப்புறம் ஒரே பட்டப் பேச்சு, கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், மேல போய் ராத்திரி பூரா கூவுற மாதிரி விண் பூட்டுன பட்டம், தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை கடற்கரைல பட்டப் போட்டி நடக்குமாம், ஆளை விடப் பெருசாச் செஞ்சு பத்துப் பேர் பிடிச்சு ஏத்துவாங்களாம். அந்த ஆன்ட்டிதான் இன்னொண்ணும் சொன்னாங்க, கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுக்கா. 2022 மார்ச்ல டாலர் இல்லாம பேப்பரும் மையும் இறக்குமதி பண்ண முடியாம கொழும்பு இருக்கிற இந்த மேல் மாகாணத்துல பள்ளிக்கூடத்துப் பரீட்சையவே தள்ளி வச்சுட்டாங்களாம், லட்சக்கணக்குல பிள்ளைங்க படிக்கிற எடம். ரெண்டு பத்திரிகை சனிக்கிழமை பேப்பர் அடிக்கிறதையே நிறுத்திருச்சாம். நாம பொறந்ததுல இருந்து கட்டிங் வேஸ்ட் மேல உருண்டு விளையாண்டவங்க, பேப்பர் இல்லாம ஒரு ஊர் பரீட்சைய நிறுத்தும்னு யாரு நெனப்பா. அதுல இருந்து அந்த ஆன்ட்டி ஒரு பக்கம் எழுதுன தாளைத் தூக்கிப் போடவே மாட்டாங்க, நான் கொண்டு வந்த தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளைக் கூட வாங்கிட்டுப் போய் பின்பக்கம் கணக்கு எழுதுறாங்க.

ஆனா அதே ஊர்ல காலிமுகத்திடல்ல இறால் வடை வாங்குனா பிள்ளைங்க பரீட்சைத் தாள்லதான் கட்டித் தர்றாங்க, நான் வாங்குன வடைல யாரோ ஒரு பிள்ளை சைவ சமயத்துக்கு நாப்பத்திரண்டு மார்க் வாங்கியிருந்துச்சு. எண்ணெய்ல மை ஊறுமேன்னு எனக்கு ஒரே நெருடல், அவுக கண்டுக்காம தின்னுட்டாங்க.

டிசு பேப்பர், கலர் அட்டை எல்லாம் வாங்க 100ம் நம்பர் பஸ் பிடிச்சு பெட்டா போகணும், அங்க மலிபன் வீதில பேப்பர் கடைங்க இருக்கு. தெருவுக்கு ஒரு வியாபாரம், நம்ம ஊர்ச் சந்து பரவாயில்லன்னு தோணும், அவ்ளோ நெரிசல். நம்ம ரூபாய்க்கு இது எவ்வளவுன்னு மனசுக்குள்ள வகுத்துட்டே வாங்குறது எனக்கு இன்னும் போகல. கடல் காத்துக்கு வீட்ல வச்ச தாள் எல்லாம் ரெண்டு நாள்ல நமுத்துப் போகுது, மரைன் டிரைவ் பக்கத்துலயே வீடு, ரயிலும் கடலும் ஜன்னல்ல தெரியுது, ஆனா தாளை பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடி வைக்கணும், கத்தரி கூடத் துரு ஏறிருது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவுக ஆபீஸ்ல ஒருத்தர் அடுத்த மாசம் மதுரைல இருந்து பிளைட்ல வர்றாரு, பெட்டில கொஞ்சம் எடம் தர்றேன்னிருக்காரு. அத்தான்ட்ட சொல்லி பிரஸ்ல கட்டிங் விழுற கலர்த்தாள்ல நாலு விரல் அகலத்துக்கு மேல இருக்கிறதாப் பாத்து எடுத்து வைக்கச் சொல்லு. வழவழன்னு இருக்கிற ஆர்ட் பேப்பர் வேணாம், வெயிட்டும் ஜாஸ்தி, மடிச்சா வெடிச்சுக்கும், பூச்சு இல்லாத மெல்லிசு மேப்லித்தோ தாள்தான் வேணும். ஏ4 80 ஜிஎஸ்எம் தாளே ஒண்ணு அஞ்சு கிராம் வரும், அதைக் கணக்கு வச்சுக்கிட்டு ரெண்டு கிலோவுக்கு மேல போகாமக் கட்டு, அந்த மனுஷனைச் சுமக்க வைக்க வேணாம். ஜிகினா ஒட்டுன தாள் அனுப்பவே அனுப்பாத, போன தடவை பட்டது போதும், இன்னும் சோபால மின்னுது.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் வேலை ஆரம்பிச்சுட்டா அத்தானைப் பிடிக்க முடியாது, அதுக்குள்ள வாங்கிரு. பிள்ளைங்க கூடு கட்டுனா போட்டோ போடு, சீயாட்ட காட்டணும், சிவகாசில இருந்து ஒண்ணு வரும்னு பாப்பா அவர்ட்ட சொல்லி வச்சுருக்கா. அம்மாட்ட முழங்கால் தைலம் கேட்டதாச் சொல்லு, அதையும் அந்தப் பெட்டிலயே ஒரு ஓரமா வை, ஆனா தாளோட சேத்துக் கட்டிராத, ஒழுகுனா எல்லாம் போச்சு.

அன்புடன்,
உன் தங்கச்சி