சாம்பலுக்கு யார் பழகினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் மின் தேவை பற்றிய கட்டுரையைப் படித்தேன். கோடையில் ஃபேன் நிற்காமல் ஓடினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நடுவில், வடசென்னையில் உள்ள எங்கள் ஊரின் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி: "எண்ணூர் மக்கள் சாம்பலோடு வாழப் பழகிவிட்டார்கள்." இதை உங்கள் நிருபர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்? எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் டீ கொடுத்திருப்போம். தம்ளரை மூடித்தான் கொடுத்திருப்போம், அது வேறு விஷயம்.

கொடியில் காயும் துணியை இங்கே உதறாமல் மடிக்க முடியாது. என் மனைவி மாடியில் வடகம் போடுவதை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. இதற்குப் பெயர் பழக்கமா?

நான் முப்பது வருடம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இறால் பிடித்தவன். ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவுதான் தண்ணீர். காலை வைத்தால் சேறு இல்லை, மாவு மாதிரி வழுக்குகிற சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகுகிறது, ஒழுகியது ஆற்றில் படிகிறது. உங்களுக்குத் தெரியாததா? ஆற்றைச் சீரமைக்கச் சொல்லி 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்ததை நீங்களும் போட்டீர்கள். நான்கு வரி, ராசிபலனுக்கு மேலே.

2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் மிதந்த எண்ணெயை வாளியில் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது. மறுபடியும் வாளிதான். ஏழு வருடத்தில் வாளியின் நிறம் மட்டும் மாறியிருந்தது. அந்த மாதமே ஒரு நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து எழுந்து, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அதற்கும் பழகிவிட்டோம் என்று எழுதிவிடுங்களேன், கட்டுரை முழுமையாகும்.

அதே கட்டுரைக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைப் படத்தை அழகாகப் போட்டிருந்தீர்கள். காற்று மின்சாரம் நல்லது, யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் 2017-ல் மூடிய பழைய நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிய நிலக்கரி நிலையம் கட்டப் பார்க்கிறார்களே, அதற்கு ஏன் ஒரு படம் இல்லை? படத்துக்குத் தெற்கு, புகைக்கு வடக்கு என்று பங்கு பிரித்தது யார்? சென்னை என்றாலே உங்களுக்கு மெரினாவோடு முடிந்துவிடுகிறது. இதைப் பற்றி முன்பும் இரண்டு கடிதம் போட்டேன். இடப் பற்றாக்குறை போலும்.

சரி, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. தினமும் தங்கம் விலை போடுகிறீர்களே, அதன் கீழே எங்கள் பக்கத்து ஊர் மணலியின் காற்றுத் தர அளவை ஒரே ஒரு வரி போடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் எண்தான், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

இதைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். எண்ணெய் வந்ததிலிருந்து எண்ணூர் மீன் என்றாலே வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என் மனைவி இன்னும் காசிமேட்டு மீன் என்று சொல்லித்தான் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
எண்ணூர்