பூட்டிய வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆச்சிமாருக்கும் செட்டியார்களுக்கும்,

வணக்கம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் குடியிருந்துகொண்டு, செட்டிநாட்டில் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ ஐயா காலத்து வீட்டில் ஒரு பங்கு வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். என் அம்மா இருபத்தாறு வருஷம் அப்படி ஒரு வீட்டின் நடுமுற்றமான வளவைப் பெருக்கித் துடைத்தவர். நான் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறேன்.

போன தை மாசம் ஒரு குடும்பத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிப்போனேன். பழஞ்சாமான் கடையில் அவர்கள் மங்குத் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் ஒரு பித்தளைத் தவலை கண்ணில் பட்டது. கழுத்தில் வெட்டியிருந்த மூன்றெழுத்து, அம்மா வேலை பார்த்த வீட்டு விலாசம், அதாவது குடும்பப் பெயர்ச் சுருக்கம். புளி தேய்த்து, அந்த எழுத்தின் இடுக்கில் இருக்கும் களிம்பை ஈர்க்குச்சியால் அவர் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். தவலைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது அதே வீட்டுத் தேக்கு நிலை. வீடு நின்ற இடத்தில் இன்று கருவேலம்.

விற்றவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பர்மாவில் போட்ட முதலீடு 1942-ல் யுத்தத்தோடு போயிற்று. பிள்ளைகள் பிழைக்க வெளியூர் போனார்கள். ஒரே வீட்டுக்கு நாற்பது பங்கு என்றாகிவிட்ட பிறகு, ஒழுகுகிற ஓட்டை மாற்றக்கூட எல்லோரையும் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் தெரியும்.

ஆனால் ஊர் மறுபடி எழுந்திருக்கிறது, அதை நீங்கள் பார்க்கவேண்டும். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. 2019-ல் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு வந்தது. பூட்டிக் கிடந்த சில வீடுகள் விடுதியாகி, சமையலுக்கும் தோட்டத்துக்கும் உள்ளூர் ஆட்களே போகிறார்கள். பூப்போட்ட தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்கு வருகிறவர்களைக் கிளப்புவதுதான் எனக்குக் கஷ்டம். கண்ணாடிச் சில்லின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்குவார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். ஊறிய கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரிக்கிற நேரத்தில் பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்கும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

வருகிறவர்கள் ஒரு வீட்டைப் பார்க்க வருவதில்லை, தெருவைப் பார்க்க வருகிறார்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் வாசல்கள், அப்படி வரிசையாக நூறு வீடுகள். நடுவில் ஒன்று இடிந்தால் பல் விழுந்த மாதிரி. ஓட்டில் விழுகிற மழை வளவு வழியாகக் கிணற்றுக்கும், மிஞ்சினது தெருக் கால்வாயில் ஓடி ஊருணிக்கும் போகும்படி உங்கள் முன்னோர் கட்டினார்கள். வீட்டைப் பிரித்தால் அந்த வரத்தும் அறுந்துபோகும்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அத்தனை பெரிய கொடையை நான் கேட்கவில்லை. முன்னோருக்குப் படைக்கிற அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையெழுத்துப் போட ஒருவரை நியமியுங்கள். முகப்பையும் பட்டாலை என்கிற கூடத்தையும் சினிமா எடுப்பவர்களுக்கோ விடுதி நடத்துபவர்களுக்கோ குத்தகைக்கு விட்டு, வருகிற பணத்தை முதலில் ஓட்டுக்குச் செலவழியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டிருக்கிறது. சாமி அறையும் படைப்பும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டுச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டாம் கட்டில் கிழக்குப் பக்கம் ஆறு ஓடு சரிந்திருக்கிறது, கீழே உத்திரம் நனைகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் உங்களில் ஒருவர் வந்தால் போதும். ஸ்டேஷனுக்கு நானே கார் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வளவு பெருக்கியவரின் மகன்