பேனா வாங்குமுன் முனையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினால் தெருமுனைக் கடைகளிலும் பேனா விற்பனை களைகட்டும். நிறமும் பிடியும் பார்த்தே பலரும் வாங்குகிறார்கள். எழுதுவதென்னவோ உள்ளே இருக்கும் ரீஃபில்தான்.

கண்ணாடி மேசைமேல் ஒற்றைத் தாளை வைத்துக் கிறுக்கினால் நல்ல பேனாவும் விட்டுவிட்டு எழுதும். முனையிலுள்ள உருண்டை காகிதத்தைப் பற்றி உருண்டால்தான் மை இறங்கும். அடியில் கடினமான பரப்பு இருந்தால் வழுக்கிவிடும். நோட்டின் மேல் வைத்து எழுதிப் பாருங்கள். வழவழப்பான பில் தாள் உதவாது. கிறுக்குவதைவிட ‘ழ’, ‘ஞ’, ‘இ’ மூன்றையும் பத்துப் பத்து முறை எழுதுவது நல்ல சோதனை. சுழியில் கோடு அறுந்தால் உருண்டை சீராக உருளவில்லை. சுழி முடிந்த இடத்தில் மைத்திட்டு விழுந்தால், அந்தப் பேனா பரீட்சைத் தாளை அழுக்காக்கும். காதருகே ஆட்டியும் பாருங்கள். ‘டக் டக்’ சத்தம் கேட்டால் ரீஃபில் கூட்டுக்குள் தளர்வாக இருக்கிறது, எழுதும்போதும் முனை ஆடும்.

பேனாமேல் உள்ள 0.5, 0.7, 1.0 என்ற எண்கள் உருண்டையின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்பவை. கோடு அதைவிட மெல்லியதாகவே விழும். நீண்ட விடைகளுக்கு 0.7 பால்பாயின்ட் போதும். ஜெல் பேனா அழுத்தாமலே எழுதும், கை வலிக்காது. ஆனால் மை சீக்கிரம் தீரும், காயச் சில நொடிகள் ஆகும், மெல்லிய தாளில் பின்பக்கம் தெரியும். இடக்கைப் பிள்ளைகளுக்கு அது பெரும் தொல்லை. எழுதிய வரிமேலேயே கை நகரும்.

புது ஜெல் பேனா எழுதவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் முனையை உற்றுப் பார்ப்பதில்லை. மை உலராமலிருக்கச் சிறு மெழுகுப்பொட்டு ஒட்டியிருக்கும்; நகத்தால் எடுத்தால் எழுதும். நின்றுபோன பேனாவின் முனையைத் தீக்குச்சியில் காட்டுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். சூட்டில் மை பொங்கிக் கசியும், பிளாஸ்டிக் குழாய் இளகும். ரப்பர் அழிப்பான்மேல் மெல்ல உருட்டினாலே பெரும்பாலும் சரியாகும்.

பாதிப் பக்கம் நன்றாக எழுதிய பேனா கீழ்ப்பாதியில் திணறினால் குற்றம் பேனாமேல் இல்லாமலும் இருக்கலாம். உள்ளங்கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்த இடத்தில் உருண்டை வழுக்கும். கைக்கு அடியில் ஒரு தாள் வைத்து எழுதப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளில் வட்டம் நிரப்பக் கருப்புப் பால்பாயின்ட் கேட்கிறார்கள். அங்கே ஜெல் வேண்டாம். தேய்த்தால் அழியும் பேனாக்களைத் தேர்வுக்கும் காசோலைக்கும் தொடவே கூடாது. அந்த மை சூட்டில் நிறமிழப்பது, சுமார் 60 டிகிரியில் எழுத்து மறைந்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் தாளை வைத்தாலும் ஆபத்து.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதிக்க ஒரு பழைய நோட்டை மேசையில் வையுங்கள். விற்கும் பேனாக்களுக்கு ரீஃபிலையும் தனியாக வாங்கி வையுங்கள். மை தீர்ந்ததற்காக நல்ல கூட்டைக் குப்பையில் போடும்படி வாடிக்கையாளரை விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்