38 கேள்விகளும் 72 பேரும்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோ,

நீ அனுப்பிய கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. மாலை வகுப்பில் தையல், கணினி, வயரிங் படித்துப் போன 120 பேரும் இப்போது எங்கே என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்க நினைத்தாயே, அதுவே பெரிய காரியம். மற்றவர்கள் நிறைவு நாளில் படம் பிடித்து மாட்டுவதோடு சரி. இங்கே இரண்டு நாளாக விடாத மழை. உட்கார்ந்து 38 கேள்விகளையும் படித்துவிட்டேன். 15 போதும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார். 120 பேரில் 48 பேர் பதில் தந்தார்கள், அதில் 36 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். "75 விழுக்காட்டினருக்கு வேலை" என்று அறிக்கையில் ஏறிவிடும். மீதி 72 பேர்? அவர்களில் ஒருவருக்கும் வேலை இல்லை என்றால் 120-க்கு 36, அதாவது 30 விழுக்காடு. எல்லாருக்கும் வேலை என்றால் 90. உனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது அவ்வளவுதான். வேலை கிடைத்தவர் தானே முன்வந்து சொல்வார். கிடைக்காதவர் உன் எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதனால்தான் அந்த 75 பெரும்பாலும் உப்பிய எண்ணாக இருக்கும்.

இதற்கு வழி, 72 பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி 20 எடுப்பது. அந்த 20 பேரை மட்டும் விடாமல் தேடு. 18 பேர் அகப்பட்டு, 9 பேர் வேலையில் இருந்தால், 72-இல் பாதி, 36 என்று எடுத்துக்கொள்ளலாம். முன்பு கிடைத்த 36-ஐயும் சேர்த்தால் 72. 120-க்கு 60 விழுக்காடு. 18 பேர் சின்னத் தொகைதான், அதனால் "ஏறக்குறைய 50-லிருந்து 70-க்குள்" என்று எழுது. உன் 75-ஐவிட அது நம்பத் தகுந்தது. ஆனால் குலுக்கல் குலுக்கலாகவே இருக்கவேண்டும். சுலபமாகக் கிடைக்கிற 20 பேரைப் பொறுக்கினால் எல்லா உழைப்பும் வீண்.

ஆளைப் பிடிப்பதுதான் பாதி வேலை. பிரிபெய்டு எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தோட்ட லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரியும் நிலைக்காது. தோட்டம் கைமாறினால் குடும்பம் அடுக்குமாடிக்குப் போய்விடும். அதனால் சேரும் நாளிலேயே மூன்று எண் வாங்கு: அவருடையது, அம்மாவுடையது, கூட வசிக்காத உறவினர் ஒருவருடையது. அம்மாவின் எண் பெரும்பாலும் மாறாது. அடையாள அட்டையின் 12 இலக்கத்தை மட்டும் வாங்காதே. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். உனக்கு வேண்டியது வயதும் பாலினமும்தானே, நேராகக் கேட்டுவிடு. பெயரை வைத்தும் ஆளைச் சேர்க்க முடியாது. ஒரே சுப்ரமணியத்தை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். ஆளுக்கொரு பதிவு எண் கொடுத்துவிடு.

தெரியாத எண்ணை இப்போது யார் எடுக்கிறார்கள்? மோசடி அழைப்புக்கு எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இணைப்பு அனுப்பினால் அதைத் தொடவும் மாட்டார்கள், தொடாததும் நல்லதுதான். முதலில் வகுப்பு நடத்தியவரின் குரலில் அரை நிமிடக் குரல்பதிவு போகட்டும்: "இன்னார் பேசுவார், ஐந்து நிமிடம்தான், பணம் கேட்கமாட்டார்." மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், பத்தாம் நாள் இன்னொன்று, அப்புறம் அழைப்பு. ஒரே நேரத்தில் மூன்று முறை அடிப்பது ஒரு முறை அடிப்பதற்குச் சமம். கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவரை இரவு எட்டரை மணிக்குமேல் ஒரு தடவை, ஞாயிறு மதியம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை முயன்று பார். தீபாவளி, தைப்பூச வாரங்களைத் தொடாதே. ஒவ்வோர் அழைப்புக்கும் என்ன ஆனது என்று குறித்துக்கொள்: எண் இல்லை, எடுக்கவில்லை, மறுத்தார், பதில் தந்தார். நாலையும் ஒரே "இல்லை"யில் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஐந்து வெள்ளி டாப்-அப் தருவதாக இருந்தால் கேட்கும்போதே கொடு. பதில் வந்தபின் தருவோம் என்பதைவிட முன்கூட்டித் தருவதற்குத்தான் பதில் கூடுதலாக வரும்.

அம்மா எடுத்து "அவன் கேஎல்ல கம்பெனில இருக்கான்" என்று சொன்னால் எழுதிக்கொள், பக்கத்தில் "வேறொருவர் சொன்னது" என்று குறியிடு. வேலை உண்டா இல்லையா என்பதற்கு அது போதும். சம்பளத்துக்கும் வகுப்பைப் பற்றிய கருத்துக்கும் அதை எடுத்துக்கொள்ளாதே.

இப்போது கேள்விகள். "வேலை செய்கிறீர்களா?" என்பதை முதலில் அடித்துவிடு. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிற பெண் "சும்மாதான் இருக்கேன்" என்பாள். உணவு விநியோகம் ஓட்டுகிறவன் "வேலை கிடைக்கல" என்பான். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் அளவுகோலை வைத்துக்கொள்: "கடந்த 7 நாட்களில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ ஏதாவது செய்தீர்களா?" அடுத்து "எத்தனை மணி நேரம்?" என்று கேள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரக்காரரும் நாற்பத்தைந்து மணி நேரக்காரரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். நம் மலேசிய உயர்கல்வி அமைச்சின் பட்டதாரிகள் ஆய்வு வேலையில் இருப்பவர், மேற்படிப்பில் இருப்பவர், திறன் மேம்படுத்துபவர், வேலைக்குச் சேரக் காத்திருப்பவர், இன்னும் வேலை இல்லாதவர் என்று ஐந்தாகப் பிரிக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு, "குடும்பத்தைக் கவனிக்கிறேன், வேலை தேடவில்லை" என்பதை ஆறாவதாகச் சேர்த்துவிடு. பெரியவர்கள் படிக்கும் இடத்தில் அது இல்லாமல் முடியாது.

சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் தனி, ஓ.டி. (மிகைநேரக் கூலி) தனி. 2,800 வெள்ளி என்று சொல்வதில் ஆயிரம் ஓ.டி.யாக இருக்கும். சம்பளத்தை வரம்புகளாகப் பிரிக்கும்போது முதல் வெட்டு 1,700-இல் வரட்டும். 2025 பிப்ரவரியிலிருந்து அதுதான் குறைந்தபட்சச் சம்பளம், அதற்குக் கீழே எத்தனை பேர் என்று தெரிவதே பெரிய செய்தி. சிங்கையில் இருப்பவர் டாலரில் சொல்வார், அதற்குத் தனிக் கட்டம் வை.

"வகுப்பு திருப்தியாக இருந்ததா?" என்ற உன் ஏழு கேள்விகளையும் எடுத்துவிடு. டீச்சர் முகத்துக்காக எல்லாரும் ஐந்தில்தான் வட்டம் போடுவார்கள். கேட்கிறவரும் பாடம் நடத்தியவராக இருக்கக்கூடாது. "கற்றதில் எதைக் கடந்த மாதம் பயன்படுத்தினீர்கள்?", "எந்தப் பாடம் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேள். இடையில் நின்றவரிடம் "எந்த வாரம் நின்றீர்கள், அந்த வாரம் என்ன நடந்தது?" என்று கேள். உன் பட்டியலில் முடித்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நின்றவர்களையும் சேர்க்காவிட்டால் பஸ் வசதியும் ஷிப்ட் மாற்றமும் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

எல்லாரும் வேலைக்காக வருவதும் இல்லை. அறுபது வயதுக்காரர் மலாய்ப் படிவத்தைத் தானே நிரப்ப வந்திருப்பார். அவரிடம் சம்பளம் கேட்டு "தோல்வி" என்று எண்ணுவது அநியாயம். சேரும்போதே "எதற்காக வந்தீர்கள்?" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடு. பின்னால் கேட்டால் கிடைத்ததைத்தான் நோக்கம் என்று சொல்வார்கள்.

எப்போது கேட்பது என்று கேட்டிருந்தாய். நம் அமைச்சு பட்டமளிப்பை ஒட்டிக் கேட்கிறது. பிரிட்டனில் முன்பு ஆறாம் மாதத்தில் கேட்டார்கள்; 2017/18-இல் முடித்தவர்களிலிருந்து 15 மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சீக்கிரம் கேட்டால் ஆள் கிடைப்பார், வாழ்க்கை நிலைத்திருக்காது. தாமதித்தால் நிலைத்திருக்கும், எண் மாறியிருக்கும். உனக்கு ஆறாம் மாதம் சின்ன அழைப்பு, பதினைந்தாம் மாதம் முழுக் கேள்வி. எண் உயிரோடு இருக்கவாவது அந்தச் சின்ன அழைப்பு வேண்டும்.

தமிழிலும் மலாயிலும் தாள் வேண்டும். தமிழ் பேசுகிற எல்லாரும் தமிழ் படிக்கமாட்டார்கள், தேசியப் பள்ளிக்குப் போனவர்கள் பலர் தடுமாறுவார்கள். மலாய்த் தாளை வேறொருவரிடம் கொடுத்துத் தமிழுக்குத் திருப்பச் சொல், பொருள் எங்கே நழுவியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அறிக்கையில் 14 பேர் வகுப்புக்கு விழுக்காடு போடாதே. ஒருவர் மாறினால் ஏழு விழுக்காடு ஆடும். "14-இல் 9" என்று எழுது. வயரிங் வகுப்பில் ஒரே ஒரு பெண் என்றால் அவளைத் தனி வரியில் காட்டாதே. லூனாஸ் மாதிரிச் சின்ன ஊரில் பெயர் போடாவிட்டாலும் அவளுடைய சம்பளம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேச்சாகிவிடும்.

திருத்திய தாளை அச்சடிப்பதற்கு முன் ஐந்து பேரிடம் சத்தமாகப் படித்துக் காட்டு. எந்த இடத்தில் "என்ன கேக்குறீங்க?" என்கிறார்களோ அங்கே கோடு போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா