அந்தக் குச்சியைக் கட்டி வைக்காதே

சிங்காநல்லூர், கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய நாற்பது விநாடி வீடியோவை உன் அம்மா ஒரு தடவை பார்த்தாள், நான் பதினோரு தடவை பார்த்தேன். அவள் கண்ணில் பட்டது உன் கையுறையின் ஓட்டை. என் காதில் விழுந்தது என்ஜின். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, ஊஞ்சல் ஆடுவதுபோல ஏறி ஏறி இறங்குகிறது. அதைவிட, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி வெளியே துள்ளிவிடுகிறது என்று அதை ஒரு பிளாஸ்டிக் டேக்கால் கட்டி வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்த கோபத்தில்தான் அன்று சரியாகப் பேசாமல் போனை வைத்துவிட்டேன். இப்போது ஆறிவிட்டது.

கனடாவில், எட்மண்டன் குளிரில் மியாட்டா மாதிரிக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுவதே வம்பு. அதில், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் டர்போ வேறு. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன், நான் சொல்லி நீ எதை விட்டிருக்கிறாய்?

குச்சி ஏன் துள்ளுகிறது என்பதிலிருந்து வருகிறேன். பிஸ்டனைச் சுற்றி எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். பட்டறையில் நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்போம். அது கிராங்க் கேஸில், அதாவது பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையில், தேங்கினால் எண்ணெயைக் கெடுக்கும், அழுத்தம் ஏறினால் எண்ணெய் கசியாமல் காக்கும் சீலைத் தள்ளும். அந்தக் காலத்துக் கார்களில் ஒரு குழாயை அடியில் ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள், புகை அப்படியே வெளியே போகும். கலிபோர்னியாவில் காற்று கெடுகிறது என்று 1961 மாடல் கார்களிலிருந்து அந்தப் புகையை மறுபடி என்ஜினுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். உன் காரில் அந்தப் புகையை என்ஜினுக்குத் திருப்பிவிடும் ஒருவழிக் கதவான பி.சி.வி. வால்வ் அந்த வழியில் வந்ததுதான்.

உன் 1.6 லிட்டர் என்ஜினில் தலையை மூடும் வால்வ் கவருக்கு இரண்டு மூக்கு. காற்று நுழையும் இன்டேக் பக்கம் இருப்பதில் பி.சி.வி. வால்வ், அதிலிருந்து ஹோஸ், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குப் போகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் இருப்பது வெறும் மூச்சுக்குழாய். கம்பெனி அதை, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் அந்தக் காற்றுக்குக் கதவான திராட்டிலுக்கும் நடுவே உள்ள பெரிய குழாயில் சேர்த்திருந்தது. ஐடிலில் மேனிஃபோல்டு ஒரு மூக்கால் உறிஞ்சும். அதற்கு ஈடாக மற்ற மூக்கின் வழியே நல்ல காற்று உள்ளே வரும். அது மீட்டர் ஏற்கெனவே அளந்த காற்று. அதனால் கணக்கு உதைக்காது.

டர்போ போட்டபின் அந்தப் பெரிய குழாயில் அழுத்தம் நிற்கும். அதனால் மூச்சுக்குழாயை அங்கிருந்து கழற்றினாய். சரிதான், நானும் கழற்றியிருப்பேன். ஆனால் கழற்றியதை, எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பாவான ஒரு கேட்ச் கேனில் விட்டு, கேன் தலையில் குட்டி ஃபில்டர் ஒன்றை வைத்து, வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டாய். பி.சி.வி. வால்வை மட்டும் பழையபடி மேனிஃபோல்டிலேயே விட்டுவிட்டாய். ஐடிலில் என்ன நடக்கும் என்று யோசி. மேனிஃபோல்டு உறிஞ்சுகிறது, அந்தக் குட்டி ஃபில்டர் வழியாகக் காற்று வருகிறது, கிராங்க் கேஸுக்குள் சுற்றி என்ஜினுக்குள் போகிறது. மீட்டரில் இருக்கும் தட்டுக்கு இந்தக் காற்றைப் பற்றித் தெரியவே தெரியாது. பெட்ரோல் குறைவாக விழுகிறது, என்ஜின் ஊஞ்சலாடுகிறது. சென்சாரை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதே.

இதை நீயே ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். என்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திற. சரியாக இருக்கும் 1.6 என்றால் உடனே தடுமாறும், சில நேரம் நின்றே போகும். உன்னுடையது பெரிதாக ஒன்றும் கண்டுகொள்ளாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கு ஒரு மூடி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

குச்சி துள்ளுவது வேறு வியாதி. பூஸ்ட், அதாவது டர்போ தரும் அழுத்தம், வரும்போது பி.சி.வி. வால்வ் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் டர்போ தள்ளும் காற்று நேராக கிராங்க் கேஸில் இறங்கும். வால்வைக் கழற்றிக் குலுக்கு, கடகடவென்று சத்தம் வர வேண்டும். ஆனால் சத்தம் வந்தால் மட்டும் நம்பிவிடாதே. சுத்தமான ஹோஸ் ஒன்றை மாட்டி மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து வாயால் ஊது, காற்று போகக் கூடாது. மறுபக்கத்திலிருந்து ஊதினால் போக வேண்டும்.

வால்வ் நன்றாக இருக்கிறது என்றால், பூஸ்டில் எல்லா வாயுவும் அந்த ஒரே மூச்சுக்குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கேதான் உன் ஊர்க் குளிரை நான் சந்தேகப்படுகிறேன். வீடியோவில் கேன் முன் பம்பருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹோஸ் நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. பேக் கம்ப்ரஷனில் நீராவியும் உண்டு. குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டினால் என்ஜின் சூடேறும் முன்பே அந்த ஈரம் எண்ணெயோடு கலந்து, பால் காபி நிறத்தில் கொழகொழவென்று தொட்டிலில் தேங்கும். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போனால் அது கல்லாகிவிடும். அப்புறம் வாயு எங்கே போகும்? குச்சியைத் தள்ளும்.

காரைச் சூடான கராஜில் ஓர் இரவு நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் ஹோஸைக் கழற்றிக் கவிழ்த்துப் பார். அந்தக் கொழகொழப்பைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் போய் எண்ணெயில் கூலன்ட் கலந்துவிட்டது என்று மாப்பிள்ளையிடம் அழாதே. கூலன்ட் அளவு குறையவில்லை, குச்சியில் எண்ணெய் தெளிவாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது வெறும் ஈரம்தான்.

குச்சியைக் கட்டுவது ஏன் தவறு என்று எனக்குத் தெரிந்தது சொந்தக் காசில். பட்டறை போட்ட புதிதில் ஒரு மாருதி 800 வந்தது. பிரீதரிலிருந்து, அதாவது மூச்சுக்குழாயிலிருந்து, எண்ணெய்ப் புகை வருகிறது, நாற்றம் தாங்கவில்லை என்றார் வண்டிக்காரர். நான் பெரிய மேதாவி, ஒரு ரப்பர் கட்டையை வைத்து அடைத்து அனுப்பினேன். எட்டாம் நாள் வண்டி திரும்பி வந்தது. கிராங்கின் பின்பக்க சீல் பிதுங்கி, கிளட்ச் முழுக்க எண்ணெய். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற இரண்டு நாள், கூலி கேட்க வாய் வரவில்லை. உன் குச்சி துள்ளுவதால்தான் உன் சீல் இன்னும் பிழைத்திருக்கிறது.

அடைப்பை எடுத்த பிறகும் சந்தேகம் இருந்தால் அளந்து பார். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து, ஒரு முனையைக் குச்சிக் குழாயில் காற்றுப் புகாமல் மாட்டு. தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும், கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தை ஊற்று. மாப்பிள்ளை பக்கத்து சீட்டில் அதைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். பூஸ்டில் திரவம் ஓரிரு அங்குலம் அசைந்தால் பயமில்லை. விடாமல் ஏறிக்கொண்டே போனால் வழி போதவில்லை, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. பி.சி.வி. வால்வைச் சோதித்த பிறகே இதைச் செய். அரை பார் பூஸ்ட் என்பது ஐந்து மீட்டர் தண்ணீரைத் தூக்கும். வால்வ் விட்டுவிட்டால் நீலத் திரவம் முழுக்க மாப்பிள்ளையின் மடியில்தான்.

ரிங்கா என்று பார்க்க கம்ப்ரஷன் கேஜ் போதும். என்ஜின் சூடாக, திராட்டில் முழுக்கத் திறந்து, நான்கு சிலிண்டரிலும் அளவு எடு. குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி எடு. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் என்ஜின் தலையில் உள்ள வால்வ் பக்கம்.

இனி சரிசெய்வது. கேன் தலையில் இருக்கும் ஃபில்டரைத் தூக்கி எறி. கேனை மூடி, அதிலிருந்து ஒரு ஹோஸை ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் பின்னால், டர்போ வாய்க்கு முன்னால் சேர். அங்கே அழுத்தம் வராது, பூஸ்டில் டர்போவே அதை உறிஞ்சும், ஐடிலில் அளந்த காற்றே உள்ளே வரும். ஹோஸ் 19 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எண்ணெய் தாங்குவதாக, தொட்டில் இல்லாமல் இருக்கட்டும். கேனை பம்பரிலிருந்து எடுத்து என்ஜின் சூடு படும் இடத்தில் வை. குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து வடி. அந்தப் பளபளக்கும் நீல அலுமினிய டப்பாவுக்குள் ஏதாவது இருக்கிறதா என்றும் பார். உள்ளே தடுப்போ வலையோ இல்லாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்விடும். நீ காசு கொடுத்தது நிறத்துக்கு.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் என் தோளில் உட்கார்ந்து, கார் ஏன் பாட்டில் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? பந்தயக் காரில் பிரீதரைத் திறந்துவிட்டால் எண்ணெய் ரோட்டில் சிந்திப் பின்னால் வருபவன் வழுக்குவான். அதனால் 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர் கேன் வேண்டும் என்று சர்வதேச விதி. அந்தப் பாட்டில் பந்தயத்துக்கு. நீ அதைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறாய்.

டேக்கை இன்றே வெட்டு. எல்லாம் முடியும்வரை பூஸ்ட் வேண்டாம், மெதுவாக ஓட்டு. மூடி திறந்து பார்க்கும் வீடியோவை முதலில் அனுப்பு, இரவு எந்நேரமானாலும் பார்க்கிறேன்.

அம்மா புதுக் கையுறை வாங்கி பார்சல் கட்டிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு என்ஜினில் கை வைத்துவிடாதே, எனக்குத்தான் திட்டு விழும்.

அன்புடன்,
அப்பா