விண்ணப்பம் ஏற்ற நாளிலேயே காவல் வேண்டும்

பிரிட்டனின் பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டாஃபர்ட்ஷயரின் ஹிம்லியில் இருந்த 'குரூக்கட் ஹவுஸ்' பப்பை முன்வைத்து, பழைய கட்டடங்களை இடிபடாமல் காப்பது பற்றி ஒரு கோரிக்கை.

1765இல் பண்ணை வீடாகக் கட்டிய செங்கல் கட்டடம் அது. அடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட மண் இறங்கி, ஒரு பக்கம் சுமார் நாலடி தாழ்ந்துவிட்டது. 1940களில் இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. முட்டுச்சுவரும் இரும்பு உத்தரமும் கொடுத்து, சாய்ந்தது சாய்ந்தபடியே நிறுத்தினார்கள். உள்ளே மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேடு ஏறுவதுபோல் தெரியும். அது பள்ளத்துக்குத்தான் போகும். சுற்றியுள்ள சுவரும் சன்னலும் சாய்ந்திருப்பதால் கண் ஏமாந்துவிடும். ஆளுயரக் கடிகாரம் நேராகத்தான் நிற்கும், பார்ப்பவருக்கு அதுதான் கோணல்! எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டுச் செய்த வேலை இல்லை இது.

2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. எப்படி என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். மாடியின் சில பகுதிகளை மட்டும் இறக்கலாம் என்றுதான் உள்ளூர் கவுன்சில் சொல்லியிருந்தது. 7ஆம் தேதி முழுக் கட்டடமும் தரைமட்டம். பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் அதற்குச் சில நாள் முன்பே, பழங்கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்புக்குப் போயிருந்தது.

பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியில்லாமல் இடித்தால் 2 ஆண்டு வரை சிறை உண்டு. பரிசீலனையில் இருக்கும் கட்டடத்துக்கு இங்கிலாந்தில் தானாகக் கிடைக்கும் காவல் எதுவும் இல்லை. கவுன்சில் அவசர நோட்டீஸ் கொடுக்கலாம், சரி. அதற்கு அதிகாரி நேரத்தில் விழித்துக்கொள்ள வேண்டுமே. வேல்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறைப்படி, உரிமையாளரிடம் கருத்துக் கேட்கத் தொடங்கும்போதே இடைக்காலப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. விண்ணப்பம் போன சில நாளிலேயே இடிந்த ஹிம்லிக்கு அதுகூடப் போதியிருக்காது என்பதால், விண்ணப்பத்தை ஏற்ற நாளிலிருந்தே அது வேண்டும் என்கிறேன். ஒன்றுமில்லாத விண்ணப்பங்களை முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டால் உரிமையாளருக்கும் தொல்லை இல்லை.

"அதுதான் திரும்பக் கட்டச் சொல்கிறோமே" என்பீர்கள். 2015இல் இடிக்கப்பட்ட லண்டன் கார்ல்டன் டேவர்ன் பப்பை அப்படிக் கட்டவைத்து 2021இல் திறந்தார்கள், உண்மைதான். ஆனால் அது நேராக நின்ற கட்டடம். விவரமான பதிவும் கையில் இருந்தது. ஹிம்லியிலும் 2024இல் கவுன்சில் மறுகட்டுமான உத்தரவு போட்டது. நாலடிச் சரிவை அளந்து கட்டிவிடலாம்தான். சுரங்கம் வளைத்த அந்தப் பழைய சுவரை யார் கட்டித் தருவார்கள்?

இந்தத் திருத்தத்தை அடுத்த திட்டமிடல் மசோதாவிலேயே சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்கள்மேல் பிரியமுள்ள ஒருவர்