பயாஸ் அப்டேட்டில் முடங்கிய மதர்போர்டு: வாரண்டி மறுப்பு பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பயாஸ் பழுதுக்கு வாரண்டி மறுத்ததை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் மதர்போர்டைப் பயன்படுத்தி வந்தேன். போர்டோடு நீங்கள் தந்த மென்பொருள், விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டைத் தொடங்கியது. பாதியில் கணினி உறைந்து, தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. அன்றிலிருந்து ஃபேன் சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. "அப்டேட் தோல்விக்கு வாரண்டி கிடையாது, போர்டையே மாற்ற வேண்டும்" என்று சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

போர்டில் எதுவும் எரியவில்லை என்று அங்கிருந்த டெக்னீஷியனே சொன்னார். எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் உள்ள ஃபர்ம்வேர், அதாவது அந்த பயாஸ், அரைகுறையாக நிற்கிறது, அவ்வளவுதான். தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், பேட்டரியைக் கழற்றி சிமாஸை (பயாஸ் செட்டிங்குகளைச் சேமிக்கும் சிறு நினைவகம்) கிளியர் செய்யச் சொன்னார். அதில் அழிவது நாம் மாற்றி வைத்த செட்டிங்குகள்தான். கெட்டுப்போன ஃபர்ம்வேர் அப்படியேதான் இருக்கும். புரோகிராமர் என்ற கருவியை வைத்து சிப்பில் மறுபடி எழுதலாம். ஆனால் போர்டின் சீரியல் எண்ணும், பல போர்டுகளில் நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் அதே சிப்பில்தான் பதிந்திருக்கும். டவுன்லோடு செய்த கோப்பை அப்படியே ஏற்றினால் அவை அழிந்துபோகலாம். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்துவிட்டால் சிப்பே பாழ். போர்டைத் தயாரித்த நீங்கள் செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா?

பயாஸ் கெட்டுப்போகும் என்பது இந்தத் துறைக்குப் புதிய செய்தியும் அல்ல. சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று எத்தனையோ கணினிகளின் பயாஸை அழித்தது. முதல் சிப் கெட்டால் கைகொடுக்கும் இரண்டாவது பயாஸ் சிப், மீட்புக்கான சிறு நிரலை வைத்திருக்கும் அழிக்க முடியாத பூட் பிளாக் பகுதி, பிராசஸரும் ரேமும் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் என வழிகள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2018இல் வெளியிட்ட 800-193 வழிகாட்டி, ஃபர்ம்வேருக்குப் பாதுகாப்பு, பழுதைக் கண்டறிதல், மீட்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. உங்கள் விளம்பரம் டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பை மட்டுமே பெருமையாகச் சொல்கிறது. வெளியாள் கோப்பு உள்ளே வராமல் அது தடுக்கும், சரி. உங்கள் சொந்தக் கோப்பே பாதியில் நின்றால் என்ன வழி?

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. என் போர்டில் இரண்டாவது சிப்புக்கான இடம் காலியாக இருக்கிறது. சால்டர் புள்ளிகள்கூடத் தெரிகின்றன. இதே வரிசையின் விலை கூடிய மாடலில் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறது. மலிவான மாடலை வாங்குபவருக்குத்தான் போர்டு போனால் மாற்று வாங்குவது கடினம். அவருக்கே அந்த வசதி இல்லை.

ஆகவே, என் போர்டின் சீரியல் எண்ணும் மேக் முகவரியும் மாறாமல் சிப்பைக் கட்டணமின்றி மறுபடி எழுதித் தர வேண்டும். முடியாவிட்டால் போர்டை மாற்றித் தர வேண்டும். விண்டோஸுக்குள்ளிருந்து அனுமதி கேட்காமல் பயாஸைத் தொடும் அந்த வசதியை உடனே நிறுத்துங்கள். இன்னொருவர் போர்டும் இப்படிப் போகக் கூடாது. இனி வரும் எல்லா மாடல்களிலும் மீட்பு வழி ஒன்றாவது இருக்கட்டும்.

பில், சர்வீஸ் சென்டரின் மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்